பேரணியில் ஒரு நிமிடம்

விழுப்புரத்தில் சாயங்கால பாசஞ்சரில் ஏறினால் முதலில் முண்டியம்பாக்கம். ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்புச்சாறு புளித்த வாடை ஜன்னல் வழியே வந்து முகத்தில் அடிக்கும். அடுத்தது விக்கிரவாண்டி. அதற்கும் அடுத்தது பேரணி. பிறகு மயிலம், கடைசியாகத் திண்டிவனம். மொத்தமே 38 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆயா வீட்டுக்குப் போகிற வழி எனக்கு அது. மற்ற ஸ்டேஷன்களில் பால் கேன், பூக்கூடை, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் என்று ஏற்றமும் இறக்கமும் இருக்கும். பேரணியில் வண்டி ஒரு நிமிடம் நிற்கும். நான் பார்த்த நாட்களில் யாரும் இறங்கியதில்லை.

பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு புளியமரம். அதன் அடியிலிருந்து ஒரு வண்டிப்பாதை புறப்பட்டு மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே போய், தூரத்துப் பனை வரிசைக்குள் நுழைந்து மறைந்துவிடும். பனைகளுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஊர் இருக்கலாம், ஏரி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கார்டு விசில் ஊதிவிடுவார். வண்டி நகரும். கேள்வி அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். 15 வயதில் என்னை இவ்வளவு படுத்திய வேறு கேள்வி இருந்ததாக நினைவில்லை.

அந்த நாட்களில்தான் சான் ஆண்ட்ரியாஸ் எங்களிடம் வந்து சேர்ந்தது.

நேருஜி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது எங்கள் பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு போட்ட ஆறு கேபின்கள், பின்புறம் பெருத்த பழைய மானிட்டர்கள், கதவுக்குப் பக்கத்தில் செருப்புக் குவியல். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய்; பள்ளிக்கூடப் பையன்களிடம் சென்டர் நடத்திய அண்ணன் 15 வாங்கிக்கொள்வார். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் தெருவே உள்ளே நிற்கும். மற்ற நாட்களில் நாங்கள்தான். நான், என் கூடவே திரிந்த சிநேகிதன், பின்னால் நின்று வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு பேர். ஒரு மணி நேரத்தை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டோம் என்றால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று அர்த்தமில்லை. ஒருவன் ஆடினாலும் நாலு பேருக்கும் முழு மணி நேரம்.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷனுக்கும், 2005 ஜூனில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. எங்கள் சந்துக்கு வந்து சேர அடுத்த வருடம் ஆகிவிட்டது. முழு விளையாட்டு ஒரு டிவிடி நிறைய இருக்கும். எங்களுக்கு வந்தது ஒற்றை சிடியில் அடங்கும்படி யாரோ சுருக்கிய பிரதி. சுருக்கியவர்கள் முதலில் வெட்டி எறிந்தது ரேடியோவை. அந்த விளையாட்டில் எந்தக் காரில் ஏறினாலும் பாட்டுக் கேட்கும், ஸ்டேஷன் மாற்றிக்கொள்ளலாம், அறிவிப்பாளர்கள் பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எங்கள் சான் ஆண்ட்ரியாஸில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். பாலைவனத்து நெடுஞ்சாலையில் இரவில் வண்டி ஓட்டினால் டயர் உருளும் ஓசையும் காற்றும். அதன் மேல், அண்ணனின் மேஜை ஸ்பீக்கரிலிருந்து வரும் 'கஜினி' பாட்டு. இன்றைக்கும் ஹாரிஸ் ஜெயராஜின் அந்த மெட்டுகள் எங்கேயாவது ஒலித்தால் எனக்குக் கற்றாழையும் செம்மண்ணும் நீளமான ஒரு தார்ச்சாலையும் கண்ணில் வந்துவிடுகின்றன.

கதை என்று ஒன்று அதற்கு இருந்தது. கார்ல் ஜான்சன் என்கிற இளைஞன், ஐந்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, 1992-ல் அம்மாவின் சாவுக்கு ஊர் திரும்புகிறான். அங்கிருந்து துப்பாக்கி, கும்பல் சண்டை, திருட்டு. பெரியவர்களுக்கென்று முத்திரை குத்தப்பட்ட விளையாட்டு. எங்கள் வயதுக்கு உரியதில்லை என்பதை இப்போது ஒரு தகப்பனாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு அந்தக் கதையில் பெரிய அக்கறை இருக்கவில்லை. கொடுக்கிற வேலையை முடித்தால்தான் பாலம் திறக்கும், பாலம் திறந்தால்தான் அடுத்த நகரம் என்பதால் வேலைகளை முடித்தோம். லாஸ் சாண்டோஸ், சான் ஃபியரோ, லாஸ் வென்சுராஸ் என்று மூன்று நகரங்கள். எங்களை இழுத்தவை அவற்றுக்கு நடுவே கிடந்த காடும் பொட்டலும்.

அங்கே ஒன்றுமே இருக்காது. ஒரு பெட்ரோல் பங்க், நாலு மரவீடுகள், காற்றில் உருளும் சருகு. பிறகு நெடுநேரம் மேடும் பள்ளமும். சிநேகிதன் ஒருநாள் கண்டுபிடித்தான்: எதிரே வரும் காரைத் தாண்டிப் போய்ச் சட்டென்று திரும்பிப் பார்த்தால், கார் இருக்காது. "நாம பாக்கலன்னா அது இல்லடா" என்றான். அவனுக்கு அது பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. காரணம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பிளேஸ்டேஷன் 2-வின் நினைவகம் 32 மெகாபைட். மூன்று நகரமும் காடும் மலையும் அதில் ஒருசேர நிற்க முடியாது. ஆடுகிறவன் நிற்கும் இடத்தைச் சுற்றி உள்ளதை மட்டும் தட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, கடந்து வந்ததை உடனுக்குடன் மறந்துகொண்டே போகும் அந்த விளையாட்டு. தூரத்தில் இருப்பதை வரைய வலு கிடையாது என்பதால் தூரத்தை ஒரு மஞ்சள் பனிமூட்டத்தால் மூடி வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மூட்டம் இருந்தது, மூட்டத்துக்குள் ஏதோ இருந்தது. அவ்வளவுதான்.

ரயில் வேறு இருந்தது. விழுப்புரத்துப் பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சென்னை, திருச்சி, கடலூர் வழியே மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியே காட்பாடி என்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் எங்களுடையது. எதில் ஏறினால் எங்கே போகலாம் என்று திண்ணைப் பேச்சிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைகள். சான் ஆண்ட்ரியாஸில் டிரைவர் இருக்கையிலேயே உட்காரலாம். தண்டவாளம் மூன்று நகரங்களையும் தொட்டு ஒரு வளையமாகச் சுற்றி வரும். மொத்தம் ஐந்து ஸ்டேஷன்கள். சிநேகிதன் காசு கொடுத்த நாட்களில் பாதி நேரம் ரயிலிலேயே போய்விடும். யாரையும் சுட மாட்டான், எதையும் முடிக்க மாட்டான். ஒரு சுற்று வந்து, ஆரம்பித்த ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டு எழுந்துகொள்வான். பின்னால் நின்றவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்ததில்லை. வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

காட்டுக்குள் ஒரு குரங்கு மனிதன் இருக்கிறான் என்ற வதந்தி யார் மூலம் எங்களிடம் வந்தது என்று சொல்ல முடியாது. பிக்ஃபுட் என்று பெயர். சிலியட் என்கிற மலைக்கு அருகே, 'பேக் ஓ பியாண்ட்' என்ற காட்டில், மழைபெய்யும் இரவில் மரங்களுக்கு நடுவே நிற்பானாம். உலகம் முழுக்கப் பையன்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விழுப்புரத்திலிருந்து தேடினோம். அந்தக் காட்டில் ஆளே இல்லாத ஓட்டை கார் ஒன்று சரிவில் தானாக உருண்டு வரும். அதைக் கண்ட சாயங்காலம் நாலு பேரும் கத்திய கத்தில் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். அந்தக் கார் உண்மை. ஆடியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். குரங்கு மனிதன் மட்டும் இல்லை. உருவாக்கியவர்களே பிறகு அப்படி ஒன்றை வைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஏமாந்துவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மரத்துக்கு மரம் நின்று, சத்தம் போடாதே என்று ஒருவரையொருவர் அடக்கி, ஒரு நிழல் அசைந்தாலும் மூச்சை நிறுத்திய அத்தனை மாலைகளும் எங்களிடமே இருந்தன. அவற்றை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

தேடும் பழக்கம் சென்டருக்கு வெளியிலும் தொற்றிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு செஞ்சி சாலையில் கிளம்பினோம். சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த ஊர்: முதலாம் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் எடுத்த குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பெரிதாக ஏதோ இருக்கும் என்று மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வயலோரம் ஒரு பாறை. பாறையின் நெற்றியில் குடைந்த ஒரு மண்டபம். இரண்டு பக்கமும் கதாயுதம் தாங்கிய வாயிற்காவலர்கள். உள்ளே மூன்று கருவறை. மூன்றும் காலி.

"இவ்ளோதானா?" என்று ஒருவன் கேட்டான். சிநேகிதன் பதில் சொல்லாமல் மூன்று அறைகளுக்கு முன்னாலும் போய்ப் போய் நின்றான். பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "சாமி வெளிய போயிருக்குதுடா, வரும்" என்றான். வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. பாறைக்குள் மட்டும் சில்லென்று ஒரு இருட்டு. கொண்டுபோன பொட்டலத்துப் புளிசாதத்தை அங்கேதான் தின்றோம். ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு வெற்றிடம் அங்கே கட்டிக் காக்கப்படுகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியது, இங்கிருந்து எழுந்து போக வேண்டாம் என்பது மட்டும்தான்.

2008-க்குப் பிறகு மின்வெட்டு கடுமையானது. சான் ஆண்ட்ரியாஸில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. வீட்டுக்குத் திரும்பி, ப்ளாப்பி டிஸ்க் வடிவத்தில் சுழலும் குறியைத் தொட வேண்டும். பாலைவனத்தின் நடுவே கரண்ட் போனால் அன்றைய பயணம் இல்லாமலே போனது. இருட்டில் ஆறு கேபினிலிருந்தும் ஒரே நேரத்தில் 'ஐயோ' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கூட இப்போது ஏக்கத்தில் சேர்ந்துவிட்டது. சென்டர் ஒருநாள் செல்போன் ரீசார்ஜ் கடையானது. சிநேகிதன் டிப்ளமோ முடித்து, இரண்டு வருடம் ஓசூரில் இருந்துவிட்டு, கத்தாருக்குப் போனான். அங்கே பாலைவனம் இருக்கிறது, மூட்டமும் இருக்கிறது என்று முதல் மாதம் போனில் சொன்னான். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சான் ஆண்ட்ரியாஸைக் கண்டது அந்த லேப்டாப்பில்தான். பென் டிரைவில் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அது போய்க்கொண்டே இருந்தது. என் சித்தி மகனுக்கும் ஒன்று கிடைத்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஆயா வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையில் இருவரும் ஆடினோம். ஆயா முறத்தில் மல்லாட்டை உரித்தபடியே எட்டிப் பார்த்தாள். திரையில் பாலைவனம்.

"இது எந்த ஊருப்பா? ஆளுங்களே காணோம்?"

"சும்மா பொட்டல்தான் ஆயா. ஒண்ணும் கெடையாது."

"சித்திரையில நம்ம ஏரியும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அதோடு விடவில்லை. தண்ணீர் வற்றினால் முதலில் யார் ஆடு இறங்கும், வெள்ளரி எந்த ஓரத்தில் போடுவார்கள், வண்டல் அடிக்க எந்தக் கரையில் வண்டி இறங்கும், மதகுக்குப் பக்கத்தில் எந்தக் கருவேல மரத்தடியில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு மண் சுமந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஏரியை நான் நூறு முறை கடந்திருக்கிறேன். வெறும் வெடித்த களிமண் என்று நினைத்துத்தான் கடந்திருக்கிறேன். சித்தி மகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் சொல்வதைக் கேட்டான். கடைசியில் ஆயா திரையைக் காட்டி, "இங்க இன்னா போடுவாங்களாம்?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை நான் பல வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பரந்த திறந்த உலகம் என்று ஒரு விளையாட்டைக் கொண்டாடும்போதெல்லாம், அது நிறைவாக இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று விவாதம் நடக்கும்போதெல்லாம், ஆயாவின் முறம் எனக்கு நினைவுக்கு வருகிறது. பரப்பளவில் போட்டி போட்டவர்கள் உண்டு. 1996-ல் வந்த 'டாகர்ஃபால்' தன் நிலம் பிரிட்டன் அளவு என்று சொல்லிக்கொண்டது. 15,000-க்கும் மேற்பட்ட ஊர்களும் குகைகளும் அதில் இருந்தன. பெரும்பாலும் கணக்கு போட்டுக் கணினியே வார்த்தது. 2016-ல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் கிரகங்களின் எண்ணிக்கை சுமார் 1.8 லட்சம் கோடி கோடி. சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்த புதிதில் அதில் சில டஜன் கிரகங்கள் இறங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் வேறு நிற வானம், வேறு வடிவ மிருகம். எந்த இடத்திலும் உட்காரத் தோன்றவில்லை. இதற்கு முன்னால் இங்கே யாரும் இருந்ததில்லை என்பது கால் வைத்த உடனே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், வெறுமை என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று வரைபடம் முழுக்கக் குறிகளை அள்ளித் தெளித்த விளையாட்டுகள். இங்கே பெட்டி, அங்கே கோபுரம், நூற்றுக்கு நாற்பத்தொன்று முடிந்தது, இன்னும் ஐம்பத்தொன்பது. ராத்திரி பதினொரு மணிக்கு அலுவலகம் விட்டு வந்து உட்கார்ந்தால் இன்னொரு வேலைப்பட்டியல். இவைதான் எனக்கு மிகவும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. எங்கே என்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்ட நிலத்தில் நடக்க எனக்குக் கால் வருவதில்லை.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. ஃபுமிடோ உவேடாவின் 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்', 2005. ஒரு பெரிய நிலம், ஒரு குதிரை, பதினாறு ராட்சதர்கள். வழியில் ஊர் இல்லை, கடை இல்லை, பேச ஆள் இல்லை. நெடுநேரம் குதிரைக் குளம்படி மட்டும். அந்த நிலத்தில் ஏதோ நடந்து முடிந்திருக்கிறது என்று ஒவ்வொரு இடிந்த சுவரும் சொல்லும், என்ன நடந்தது என்று சொல்லாது. முப்பது வயதுக்கு மேல்தான் ஆடினேன். மண்டகப்பட்டுத் தூணில் சாய்ந்திருந்த சில்லிப்பு அதில் திரும்பக் கிடைத்தது.

2017-ல் வந்த 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டைச் செய்தவர்கள், நிலத்தின் அளவை முடிவு செய்யத் தங்கள் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தார்களாம். இங்கிருந்து அங்கே நடக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும் அல்லவா? மலைகளை முக்கோண வடிவில் எழுப்பி, ஏறினால் மட்டுமே அந்தப் பக்கம் தெரியும்படி, சுற்றிப் போனால் வேறொன்று தட்டுப்படும்படி வைத்ததையும் விளக்கியிருக்கிறார்கள். 900 சின்னஞ்சிறு காட்டுப் பூதங்களை அந்த நிலமெங்கும் ஒளித்துவைத்தார்கள். 900-ஐயும் தேடி முடித்தவனுக்குக் கிடைக்கும் பரிசு, சாணி உருண்டை போன்ற ஒரு தங்க நிறப் பொருள். எண்ணி முடிப்பதற்காக அவற்றை ஒளிக்கவில்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நானும் ஒருநாள் எங்கள் ஊர் வரைபடத்தைச் சான் ஆண்ட்ரியாஸ் மேல் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர், மொத்தம் 36 சதுர கிலோமீட்டர். விழுப்புரம் ஸ்டேஷனில் ஒரு மூலையை வைத்தால், முண்டியம்பாக்கம் வருவதற்குள் அந்த உலகம் முடிந்துவிடுகிறது. மூன்று நகரங்கள், ஒரு பாலைவனம், ஒரு காடு, ஒரு பெரிய மலை எல்லாம் அதற்குள். பேரணி அதற்கு வெகு அப்பால், வரைபடத்துக்கு வெளியே.

2021-ல் சான் ஆண்ட்ரியாஸைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினேன். ரேடியோ இருந்தது, அணைத்து வைத்தேன். நேராகச் சிலியட் மலைக்கு வண்டியை விட்டேன். உச்சியில் இறங்கித் திரும்பினேன். புதிய இயந்திரங்களுக்கு வலு அதிகம், மூட்டம் தேவையில்லை, ஆகவே எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று நகரமும் ஒரே பார்வையில் கிடந்தன. இந்தக் கோடியில் கடல், அந்தக் கோடியில் கடல். பாலைவனத்தைக் கையால் மூடிவிடலாம் போல இருந்தது. நாங்கள் மாதக்கணக்கில் தொலைந்துபோன காடு, இரண்டு சாலைகளுக்கு நடுவே ஒரு தோப்பு.

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இவ்ளோதானாப்பா?" என்று கேட்டாள். மண்டகப்பட்டில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல ஒருவன் இருந்தான்.

அடுத்த விடுமுறையில் அவளைத் திருவக்கரைக்குக் கூட்டிப் போனேன். மயிலத்திலிருந்து பாண்டி போகும் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோவிலில் திரளும் கூட்டத்தில் பலர் எட்டிப் பார்க்காத இடம், ஊருக்கு வெளியே இருக்கும் கல்மரப் பூங்கா. செம்மண் மேடு, முள்செடி, சரளை. ஒரு பார்வைக்கு வெறும் தரிசு. அங்கே கிடக்கும் நீளநீளமான கற்கள் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள். வேரும் கிளையும் இல்லாமல் படுத்துக் கிடப்பதால், வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். புதைந்த இடத்தில் சிலிக்கா ஏறி, மரத்தின் இழை இழையாகக் கல் உட்கார்ந்துவிட்டது. 1781-லேயே சொன்னரா என்கிற பிரெஞ்சுக்காரர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். மகள் ஒரு கல்லின் வெட்டுமுகத்தில் வளையங்களை விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். வாட்ச்மேன் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு சிநேகிதனுக்கு ஒரு கல்மரத்தின் படம் அனுப்பினேன். "உள்ள சாமி இருக்குதா?" என்று பதில் வந்தது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுத்திருந்தான்.

ஆயா இறந்து நாலு வருடமாகிறது. வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். போன தை மாதம் பத்திர வேலையாகத் திண்டிவனம் போனவன், வேலை முடிந்த மறுநாள் விழுப்புரம் போகும் பாசஞ்சரில் ஏறினேன். காரணம் ஒன்றும் இல்லை, வெயில் ஏறாத காலை நேரம், பனி இன்னும் கொல்லைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. மயிலம் தாண்டியது. பேரணியில் வண்டி நின்றது. என் பெட்டியிலிருந்து பூ மூட்டையோடு ஒரு அம்மாள் இறங்கினார், அவர் பின்னால் காலேஜ் பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண். எங்கள் காலத்தில் யாரும் இறங்காத ஊர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலத்து ஒரு நிமிடத்தை மட்டும் வைத்து. விசில் ஊதுவதற்குள் நானும் இறங்கிவிட்டேன்.

புளியமரம் இருந்தது. வண்டிப்பாதையில் பாதி தூரத்துக்குச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். அந்த அம்மாளும் பெண்ணும் முன்னால் போனார்கள்; ஐம்பது அடியில் பனி அவர்களை மூடிவிட்டது. பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் மல்லாட்டை பூத்திருந்தது. செருப்பில் ஈரமண் ஒட்டிக் கனத்தது. பனைகள் ஒவ்வொன்றாக மூட்டத்திலிருந்து வெளியே வந்தன. ஜன்னலிலிருந்து பார்த்தபோது ஒற்றை வரிசை. கிட்டே போனால் இரண்டு. நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி. தாண்டிப் போனேன். அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் இருந்தேன்.

திரும்பி வந்து பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கத்தாருக்குப் போன் போட்டேன். அங்கே விடியவில்லை. தூக்கக் குரலில் எடுத்தான்.

"டேய், எங்க இருக்கன்னு சொல்லு பாப்போம்."

"எங்க?"

"பேரணியில எறங்கிட்டேன். பனமரத்துக்கு அந்தாண்ட போய்ட்டு வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஏசி ஓடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு முழுதாக விழித்துக்கொண்ட குரலில் சொன்னான்:

"இன்னா இருக்குதுன்னு சொல்லிடாதடா. ஆடி மாசம் லீவு போட்டிருக்கேன். நானே வந்து பாத்துக்கிறேன்."

சரி என்றேன். விழுப்புரத்துக்கு அடுத்த வண்டி வர நெடுநேரம் இருந்தது. பனி விலகாமல் அப்படியே நின்றது.